தன்னைத் தானே திருத்திக்கொள்ள முயன்றபோது நேர்ந்த, இன்னும் உறுத்தும் ஒரு தருணம்

விடியல்நடை:
அன்றைய நாளை இரவில் அலசிக் கைபேசியில் குரலாகப் பதிந்துவைக்கும் முறை உங்களில் பலர் அறிந்ததுதான். எரிச்சலில் சுடுசொல் வீசும் பழக்கத்தை விட்டொழிக்க நானும் அதைத்தான் கைக்கொண்டேன். ஆறாவது வாரத்தில் ஒருநாள் பழைய பதிவொன்றைக் கேட்க முனைந்தபோது, இயர்போன் சரியாகப் பொருந்தாமல் குரல் அறை முழுவதும் ஒலித்துவிட்டது. "எத்தனை முறை சொல்வது? கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா உனக்கு?" என்னை நானே கடிந்துகொண்ட பதிவு அது. அப்போது உள்ளே வரவிருந்த என் மகள் வாசற்படியிலேயே நின்று, "யாரைப்பா திட்டுறீங்க? நான் ஒண்ணும் பண்ணலையே" என்றாள். அவளிடம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை என்று அந்த வாரத்திற்கு எனக்கு நானே முழு மதிப்பெண் வழங்கியிருந்தேன். அவளுடைய கை கதவின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. அதன்பின் இரண்டு மாதங்களாக நான் எதையும் பதியவில்லை.

பென்சில்குறி:
என்னுடையது நாட்காட்டியில் சரிக்குறி இடும் முறை. விடியற்காலையில் ஒரு மணி நேரம் படிப்பு, 21 நாள் இலக்கு. 19ஆம் நாள் படிக்கவில்லை. இரவு 11:50 மணிக்கு நாட்காட்டியின் முன் நின்று, மறுநாள் இரண்டு மணி நேரம் படித்துவிட்டு மையால் அழுத்திவிடலாம் என்று எனக்கு நானே வாக்களித்துப் பென்சிலால் மெல்லியதாக ஒரு குறி இட்டேன். அடுத்த இரண்டு நாளும் பென்சில்தான். என்னைத் தவிர வேறெவரும் பார்க்காத நாட்காட்டி அது. இருந்தும் குறியிடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அந்தத் தாளைக் கிழித்தெறியவும் மனமில்லை, வெளியே எடுத்துப் பார்க்கவும் துணிவில்லை.

ஐந்தாம்முயற்சி:
பென்சில்குறி நண்பருக்கு: உங்கள் இலக்கே பிழையானது. 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவைக்குப் பின் மாறிய முகத்திற்குப் பழகிக்கொள்ள மனிதருக்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று எழுதினார். பலர் வாய் மாறி வரும்போது அதிலிருந்த 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் தன்னியல்பாகப் படியப் பிடித்த காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள்; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடலாம் என்று அவர்கள் கணித்தனர். ஒருநாள் விட்டுப்போனால் பெரிதாகக் குடி முழுகிவிடுவதில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. ஆகவே 19ஆம் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாலே போதும். மேலும், 'நாளை படிப்பேன்' என்று பொதுப்பட முடிவெடுக்காமல், 'பல் துலக்கியதும் மேசைக்குச் சென்று புத்தகத்தைத் திறப்பேன்' என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சிட்டு வையுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர் பல்லாண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். இலக்கையும் ஒரு மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறையுங்கள். என் கதை சிறியது: புகையை விட்ட நான்காம் முறை, எறிந்த லைட்டரைக் குப்பைக்கூடையில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

பென்சில்குறி:
எத்தனை நாள் ஆகும் என்று நான் கேட்கவில்லையே ஐயா! யாருமில்லாத அறையில் எதற்காகத் திரும்பிப் பார்த்தேன் என்பதுதான் என் கேள்வி. அந்தக் குப்பைக்கூடையைப் பற்றி நீங்கள் இன்னும் நான்கு வரி எழுதியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

மூன்றாம்வரிசை:
விடியல்நடை அவர்களே, 'நான்' என்று சொல்லாமல் தன் பெயரைச் சொல்லித் தனக்குள் பேசிக்கொள்பவர்கள், பதற்றமான வேளைகளில் சற்று விலகி நின்று நிதானமாகச் சிந்திக்கிறார்கள் என்று உளவியலாளர் ஈதன் குரோஸ் குழுவினரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அதை நம்பி, முக்கியமான கூட்டமொன்றில் பேசுவதற்கு முன் லிஃப்டின் கண்ணாடியைப் பார்த்து என் பெயரைச் சொன்னேன். பள்ளியில் வருகைப்பதிவு எடுத்த ஆசிரியரின் அதட்டல் அப்படியே வந்தது. "உள்ளேன் ஐயா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூட்டம் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் பெயரை மாற்றிச் சொல்வதைக் காட்டிலும் யாருடைய குரலில் சொல்கிறோம் என்பதைக் கவனிப்பதே கடினமாக இருக்கிறது.

விடியல்நடை:
என் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர் இப்போது இல்லை. மகளிடம் நான் இன்னும் விளக்கவில்லை. நேற்றிலிருந்து மீண்டும் பதியத் தொடங்கியிருக்கிறேன். கதவைச் சாத்துவதில்லை.