புதுப்பிப்பு: பிரசன்ட் பர்ஃபெக்டா, பாஸ்ட் சிம்பிளா?

போன இழையில், ஆங்கிலத்தில் "ஐ ஹாவ் சென்ட் த மெயில் யெஸ்டர்டே" ஏன் தவறு என்று கேட்டிருந்தேன், பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கேட்டதையும் படித்ததையும் சேர்த்து இப்போது எனக்குப் பிடிபட்டது இதுதான்.

முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் பாஸ்ட் சிம்பிள் ("ஐ சென்ட்" மாதிரி), பிரசன்ட் பர்ஃபெக்ட் ("ஐ ஹாவ் சென்ட்" மாதிரி) வராது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 எல்லாம் இந்த வகை. தமிழில் "நேற்றே அனுப்பியிருக்கிறேன்" என்று தாராளமாகச் சொல்லலாம் என்பதால்தான் நமக்கு அந்த வாக்கியம் உறுத்துவதே இல்லை. "திஸ் மார்னிங்" கொஞ்சம் வேடிக்கை: காலை 10 மணிக்கு "ஐ ஹாவ் கால்ட் ஹர் திஸ் மார்னிங்" சரி, அதையே மாலையில் சொன்னால் காலைப்பொழுது முடிந்துவிட்டதால் "ஐ கால்ட்" தான் வரும்.

'ஃபார்' வந்தாலே பர்ஃபெக்ட் என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை நான் ஏற்கவில்லை. "ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபார் 5 இயர்ஸ்" என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறார், "ஐ லிவ்ட் தேர் ஃபார் 5 இயர்ஸ்" என்றால் கிளம்பிவிட்டார், இரண்டுமே சரியான ஆங்கிலம்தான்.

அப்புறம் ஆல்ரெடி, யெட், ஜஸ்ட். பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் பர்ஃபெக்ட், அமெரிக்கர்கள் பேச்சில் "டிட் யூ ஈட் யெட்?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். தேர்வு எழுதுகிறவர்கள் பர்ஃபெக்டிலேயே நிற்பது பாதுகாப்பு. ஆனால் 'ஜஸ்ட் நவ்' கொஞ்ச நேரத்துக்கு முன்பு என்ற பொருளில் வந்தால் பாஸ்ட் சிம்பிள்: "ஐ சா ஹிம் ஜஸ்ட் நவ்".