அரக்கோணம் ராஜாளி கடற்படை விமான தளத்துக்குப் பக்கம் மனை வாங்கினவர்கள், வீடு கட்டினவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மொட்டைமாடி:
"நேவிக்குப் பக்கம், திருட்டுப் பயமே கிடையாது" என்று சொல்லித்தான் மனையை என் தலையில் கட்டினார்கள். தரைத்தளத்துக்குக் கான்கிரீட் கூரை போட்டு முடித்த வாரம் நேவியிலிருந்து இரண்டு பேர் கையில் ஒரு கருவியோடு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். மாடியில் நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பியைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார் ஒருவர். "சின்னவன் கல்யாணத்துக்கு மேல ஒரு வீடு எடுக்கணும் சார்" என்றார் அப்பா. அவர் சுவரையெல்லாம் விட்டுவிட்டு, கம்பி நுனியில் கருவியை வைத்து ஏதோ எண்ணைக் குறித்துக்கொண்டார். அப்பா முகம் அப்போது போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. விமானம் ஏறி இறங்கும் இடம் என்பதால், உயரம் பார்த்து மாடி எடுக்கும் முன் தடையில்லாச் சான்று வாங்க வேண்டுமாம். மனை விற்றவர் இப்போது போன் எடுப்பதில்லை.

கோழிக்கடை:
கோபித்துக்கொள்ளாதீர்கள். 1992-ல் வந்த தளம் அது. மனை பார்க்கப் போனபோது தலைக்கு மேல் சத்தம் கேட்கவில்லையா? பழைய ரஷ்ய ரோந்து விமானம் டியூ-142 எழும்பினால் என் கடை ஷட்டர் தானாக ஆடும். 2017-ல் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.
என் கதை வேறு. கழிவு அள்ளும் வண்டி இரண்டு நாள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜீப் வந்து நின்றது. கறிக்குத்தான் என்று கத்தியைக் கழுவினேன். இறங்கினவர் நேராகப் போய் டிரம் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்தார். நானும் அண்ணாந்தேன். ஆறு பருந்து. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. விமான தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவை கூடும்படி குப்பையோ கழிவோ போடக் கூடாது என்பது விதியாம். 10 கிலோமீட்டர் என்றால் எங்கள் ஊர் மொத்தமும் அதற்குள்தான்!

ஓய்வுபெற்ற வரைவாளர்:
என் மைத்துனரும் நெமிலி பக்கம் வாங்கி முழித்தார், அதை விடுங்கள். மொட்டைமாடி தம்பி, முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். உயரத்தை உங்கள் வாசலிலிருந்து அளக்க மாட்டார்கள், கடல் மட்டத்திலிருந்து அளப்பார்கள். மேட்டு மனைக்காரருக்கு ஒரு மாடி குறையும், பள்ளத்து மனைக்காரர் தப்பிப்பார். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, ஆன்டெனா, இடிதாங்கி எல்லாம் கணக்கில் சேரும். ஆகவே சர்வே எண்ணோடு, மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை, தரைமட்டம் மூன்றையும் குறித்துச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறது என்று புரோக்கர் காட்டும் தாளும் இந்தச் சான்றும் வேறு வேறு. இன்னொன்று, 2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கினார்கள், அரக்கோணம் பக்கமும் உள்ளே வந்துவிட்டது. இனி அடுக்குமாடிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஓடுபாதையின் இரண்டு முனைக்கு நேராகவும் வயலாகவே விட்டுவைப்பதுதான் புத்தி. அங்கே மனை போட அனுமதித்துவிட்டு அப்புறம் கம்பியை அளந்து என்ன பயன்? கோழிக்கடைக்காரரே, டிரம் மூடிக்குக் கொக்கி போடுங்கள்.

ராணிப்பேட்டை டாக்ஸி:
கொக்கியா! சார், பருந்து மூடியைத் திறக்கவில்லை, வண்டிதான் வரவில்லை.
2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தை மூடினபோது பயணிகள் விமானத்தை ராஜாளியிலிருந்து விட்டார்கள் அல்லவா? வேலூரிலிருந்து ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பும் ஒரு வங்காளி அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். கேட்டில் அத்தனை கூட்டம், பெட்டி படுக்கையோடு. அந்த அம்மா ஸ்கேன் கவரைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, "ஏர்போர்ட் எங்கே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. கட்டடம் எதுவும் கண்ணில் படவில்லை. கையைக் காட்டக்கூட எனக்குத் திசை தெரியவில்லை. அந்த நாலு நாளை வைத்துத்தான் "இங்கே ஏர்போர்ட் வரப் போகுது" என்று இன்றுவரை மனை விற்கிறார்கள். என் தங்கை வீட்டுக்காரர் அதை நம்பி இரண்டு மனை வாங்கினார்.

மொட்டைமாடி:
வரைவாளர் ஐயா, எங்களுடையது மேட்டு மனை. மேஸ்திரி கம்பியை அறுக்கட்டுமா என்று கேட்டார். அப்பா விடவில்லை. கொடி கட்டித் துணி காயப் போடுகிறார்.