யானை வழியில் விடுதி, சதுப்பில் மனை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

காட்டோரம்:
நீலகிரி சீகூரில் யானை வழித்தடத்துக்குள் விடுதிகள் இருக்கலாமா என்ற வழக்கு எல்லோருக்கும் தெரியும். வழித்தடத்தை அறிவித்த 2010 அரசாணை, அதை உறுதிசெய்த 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, விரிவாகத் திரும்பச் சொல்லவில்லை. இது தீர்ப்புக்கு முன்பு. மசினகுடிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். ராத்திரி ஒரு பெண் யானை குட்டியோடு மின்வேலி வரை வந்து நின்றது. கம்பியைத் தொடவில்லை. தும்பிக்கையை ஒரு சாண் தள்ளியே பிடித்தபடி, வேலி எங்கே முடிகிறது என்று ஓரமாகவே நடந்தது. முடிந்த இடத்தில் அடுத்த விடுதியின் வேலி. காலையில் மேலாளரிடம் கேட்டால், "பட்டா நிலம் சார், அனுமதி வாங்கித்தான் கட்டினோம்" என்கிறார். அந்த அனுமதிக் காகிதத்தில் யானைக்கு ஏது கட்டம்?

கோரைப்புல்:
பட்டா என்றதும் நீங்கள் சும்மா வந்துவிட்டீர்களே! வழித்தடத்துக்குள் பட்டா நிலம் இருந்தாலும் கட்டுப்பாடு செல்லும், அந்தத் தீர்ப்பின் சாரமே அதுதான்.
நான் பார்த்தது சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பில். 2022-ல் அதில் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக் கோட்டுக்கு வெளியே, கோரை மண்டிய மனை ஒன்றில் டிப்பர் லாரி கட்டட இடிபாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நீலத் தாழைக்கோழி அந்தக் குவியல் மேல் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஓட்டுநர் ஹாரன் அடித்தும் போகவில்லை. கூடு அடியில் போயிருக்கும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். விசாரித்தால், வரைபடத்தில் அது குடியிருப்பு மண்டலமாம். கோட்டைப் பார்த்தா தண்ணீர் நிற்கிறது?

நிலம்தேடி:
இரண்டு பேருமே உணர்ச்சிவசப்படுகிறீர்கள். என் கதை சின்னது. மலையடிவாரத்தில் மனை பார்க்கப் போனேன். "ஹாக்கா எல்லாம் வாங்கியாச்சு" என்றார் தரகர். ஹாக்கா என்பது 1990-ல் வந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அதன் தடையில்லாச் சான்றைத்தான் சொன்னார். காகிதத்தைக் காட்டுங்கள் என்றதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போனவர்தான்.
மனை வாங்குபவர்கள் கவனிக்க: மனை இருக்கும் கிராமம் ஹாக்கா பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தடையில்லாச் சான்றைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நில அளவைத் துறையின் புலப்படம் எடுங்கள், ஓடை எங்கே ஓடுகிறது என்று அதில்தான் தெரியும், கிரயப் பத்திரத்தில் தெரியாது. அப்புறம், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் சாலை போக 10 சதவீதம் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். விற்காத மூலையைத் தள்ளிவிடுவார்கள். ஓடையை ஒட்டி விடச் சொல்லுங்கள், கீரிக்கும் மரநாய்க்கும் நடமாட அது போதும். எந்த நிலம் எந்த மண்டலம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போதே ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். மண்டலம் மாறிய பிறகு இப்படி எழுதிப் பயனில்லை.

காட்டோரம்:
கீரிக்குப் போதும். யானைக்கு?

கோரைப்புல்:
அதானே. நிலம்தேடி சார், இங்கே யார் மனை வாங்க வந்தார்கள்?