இன்க்ளூஷன்: மாசா, தோஷமா, உட்குறியா?

வணக்கம்.

வைரத் தரச் சொற்களைத் தமிழாக்குவதில் பட்டை, நிறம், தெளிவு, எடை நான்கும் முடிந்துவிட்டன. தெளிவை எதைக் கொண்டு அளக்கிறோமோ அந்த 'இன்க்ளூஷன்' (கல்லின் உள்ளே இருக்கும் குறை) மட்டும் நிற்கிறது. வரைவில் 'மாசு' என்று போட்டிருக்கிறோம். வாங்குபவருக்கு உடனே விளங்கும். அப்படியே வைக்கலாமா? கடைக்காரர்கள் சொல்லும் 'தோஷம்' என்பதையும் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார்.

——

> வரைவில் 'மாசு' என்று போட்டிருக்கிறோம்.

மாசு வேண்டாம் ஐயா. வேதியியலில் இம்ப்யூரிட்டிக்கு அதைக் கொடுத்தாகிவிட்டது. வைரத்தில் நைட்ரஜன் கலந்தால் மஞ்சள் ஏறும், போரான் கலந்தால் நீலம். இந்த மாசு நிறத் தரத்தைத்தான் மாற்றும். லென்ஸில் தனியாகத் தெரியாது. மேலே ஒட்டிய தூசியையும் மாசு என்போம், குழப்பம் இரட்டிப்பாகும்.

தோஷம் என்றாலோ ராசி பார்க்கிறவர் கல்லை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே எதுவுமே இல்லாத இயற்கை வைரம் மிக அரிது. கடையில் பெருமையாகச் சொல்கிற விவிஎஸ் (மிக மிகச் சிறு குறைத் தரம்) கல்லிலும் உண்டு. பத்து மடங்கு பெருக்கத்தில் பழகிய கண்ணுக்கே பிடிபடக் கடினம், அவ்வளவுதான்.

'உள்ளடக்கம்', 'உட்பொருள்' இரண்டும் பொருந்தா. ஃபெதர் என்பது ஒரு பொருளே அல்ல, விரிசல். அதையும் அடக்குகிற சொல் வேண்டும். என் பரிந்துரை: உட்குறி. மேற்பரப்பில் இருக்கும் குறையான பிளெமிஷுக்கு இணையாகப் புறக்குறி. ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) தர அறிக்கையின் வரைபடத்தில் உட்குறி சிவப்பு, புறக்குறி பச்சை. அந்தப் பிரிவினையோடு சரியாகப் பொருந்துகிறது. எஃப்எல் (குறையற்றது) தரம் என்றால் இரண்டும் இல்லை. ஐஎஃப் (உள்ளே குறையற்றது) என்றால் உட்குறி இல்லை, சிறு புறக்குறி இருக்கலாம். அது பெரும்பாலும் மறுமெருகில் போய்விடும்.

வகைகளுக்குச் சிலப்பதிகாரமே கைகொடுக்கிறது. ஊர்காண் காதையில் வைரத்தின் குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை வருகின்றன. நுண்புள்ளியான பின்பாயிண்டுக்கு விந்து, ஊசிபோல் நீண்ட நீடிலுக்கு ஏகை, கிளவுடுக்குக் களங்கம் என்று வைக்கலாம்.

——

உட்குறி, புறக்குறி இரண்டுக்கும் என் வாக்கு.

> பின்பாயிண்டுக்கு விந்து

இளங்கோவடிகள் காலத்தில் சரி. இன்று ரசீதில் 'இரண்டு விந்து' என்று அச்சிட்டால் கடையில் சிரிப்பு அடங்காது. 'புள்ளி' போதும். ஏகை அழகு, இருக்கட்டும். கிளவுடுக்கு 'மூட்டம்' என்பேன். நுண்புள்ளிகள் திரண்ட படலம் அது. எஸ்ஐ2 (சிறு குறைத் தரத்தின் கீழ்ப்படி) அறிக்கையில் 'தெளிவுத் தரம், வரைபடத்தில் காட்டப்படாத மூட்டங்களை வைத்துத் தரப்பட்டது' என்ற பொருளில் குறிப்பு வந்தால் எச்சரிக்கை: கண்ணுக்குப் புள்ளி ஒன்றும் தெரியாது, ஆனால் கல் முழுவதும் பால் கலந்ததுபோல் மங்கலாக இருக்கக்கூடும். அதே தரத்து இன்னொரு கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

ஃபெதரை 'இறகு' என்று பெயர்த்துவிடாதீர்கள், ஆபத்து மறைந்துவிடும். 'உள்விரிசல்' என்றே இருக்கட்டும். ஆழத்தில் அடங்கிய சிறிய உள்விரிசலால் பெரும்பாலும் கேடில்லை. இடைவிளிம்பில் (கல்லின் அகன்ற நடுச்சுற்றில்) மேற்பரப்பைத் தொட்டாலோ, சதுரக் கல்லின் கூர்முனையில் இருந்தாலோ, பதிக்கும்போது உலோகப் பிடி அழுத்தும் இடத்தில் தெறிக்கலாம். பிடிக்கு அடியில் ஒளித்துவிடலாம் என்று கடையில் சொல்வதை இந்த வகைக்கு ஏற்கக்கூடாது.

விளக்கக் குறிப்பில் பார்க்கும் முறையையும் சேருங்கள். கல்லைத் துடைத்து, இடைவிளிம்பில் இடுக்கியால் பிடித்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, கல்லைத்தான் நகர்த்தி குவியத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் மேல்தளம் வழியாக, பிறகு திருப்பி அடிப்பக்கத்திலிருந்து. ஒன்று தென்பட்டால் மறுபடி துடைத்துப் பாருங்கள். இடம் மாறினால் தூசி. ஒரே உட்குறி பட்டைகளில் எதிரொளித்து ஐந்தாறாகத் தெரிவதும் உண்டு. பதித்த கல்லில் பிடிகள் மறைப்பதால் தரத்தைத் தோராயமாகவே சொல்ல முடியும். தனிக்கல்லாகப் பார்ப்பதே நல்லது. எஸ்ஐ1 (எஸ்ஐ2-க்கு மேற்படி) தர உட்குறி வட்டப் பட்டையில் வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. நீள்சதுர எமரால்ட் வெட்டின் அகன்ற படிப்பட்டைகளில் அதே உட்குறி பளிச்சென்று தெரியக்கூடும், அதற்கு ஒரு படி மேலே போவது நல்லது.

——

உட்குறி, புறக்குறி, புள்ளி, ஏகை, மூட்டம், உள்விரிசல்: வரைவில் மாற்றிவிட்டேன். விரிசலில் கண்ணாடி நிரப்பிய கல்லுக்கு 'நிரப்பு வைரம்' என்று போட்டிருக்கிறேன். சாய்க்கும்போது விரிசல் தளத்தில் ஊதா, ஆரஞ்சு மின்னும். பற்றவைக்கும் சூட்டில் நிரப்பு கெட்டுவிடும். ஜிஐஏ இதற்குத் தரமே தருவதில்லை. கரும்புள்ளியை வெளுக்க லேசரால் இட்ட துளைக்கு 'லேசர்த் துளை' என்பதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?