லோத்தோங் குரங்கு வாட்டர்கலர்ல வரைய வரல, ஹெல்ப் பண்ணுங்க

பினாங்கு தண்ணீர்மலை கோயில் பக்கத்துல இருக்குற பொட்டானிக் கார்டன்ல போன ஞாயித்துக்கிழமை உக்காந்து வரஞ்சேன், உடம்பு முழுக்க கறுப்பு பூசிட்டேன், இப்ப பாத்தா கரிச்சட்டிக்கு வால் மொளச்ச மாதிரி இருக்கு. அப்புறம் வயல் வரப்புன்னு வரைய பினாங்குல எங்க போலாம்?

பதில் 1:
தங்கச்சி, டியூப் கறுப்ப தொடாதம்மா. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர்ங்குற கரும்பழுப்பும் கலந்தா உயிருள்ள சாம்பல் நிறம் வரும். கண்ண சுத்தி இருக்குற வெள்ளை வளையத்துக்கு பெயின்ட் வேணாம், பேப்பர அப்டியே விட்ரு. குட்டி இருந்தா விடாத, அது பொறக்கும்போது ஆரஞ்சு நிறம், அந்த கறுப்பு மடியில சும்மா நெருப்பு மாதிரி தெரியும்லா.

பதில் 2:
வயலுக்கு பாலேக் பூலாவ் போங்க, சுங்கை பூரோங் பக்கம். காலைல ஏழு மணிக்கே போயிருங்க, பத்துக்கு மேல வெயில் மண்டைய பொளக்கும். நாத்து நட்ட புதுசுல தண்ணில மலை நிழல் விழும், கொக்கு நிக்கும், ஆனா நான் தூரிகைய எடுக்கறதுக்குள்ள பறந்துரும், அதனால மொதல்ல பென்சில்ல ரெண்டு கோடு.

கேட்டவர்:
நன்றிண்ணே! கறுப்பு டியூப தம்பிக்கு குடுத்துட்டேன்.

பதில் 1:
பேப்பர் கனம் சதுர மீட்டருக்கு 300 கிராமா? மெலிசுன்னா அப்பளமா சுருண்டுரும்.