வாடகையை ஆன்லைனில் கட்ட தனிக் கட்டணமா? உங்கள் அனுபவம் என்ன?

பெருங்குடிவாசி:
எங்கள் அபார்ட்மென்டில் வாடகை வசூலை ஒரு நிர்வாகக் கம்பெனியிடம் விட்டுவிட்டார்கள். இனி அவர்கள் ஆப்பில்தான் கட்ட வேண்டுமாம். வாடகை 22,000. எல்லாம் நிரப்பி முடித்தால் கடைசித் திரையில் 22,519 ரூபாய் 20 பைசா என்று நிற்கிறது. 2% வசதிக் கட்டணம், அதன் மேல் 18% ஜிஎஸ்டி. அந்த 20 பைசா இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. யுபிஐ பட்டனைத் தேடினேன், கிடையாது. மேனேஜரிடம் அக்கவுண்ட் நம்பர் கேட்டால், "சிஸ்டத்துல வேற வழி இல்ல சார்" என்கிறார்.

தாம்பரம் ஈஸ்ட்:
எனக்கு ரெண்டு பக்கமும் அடி. சம்பளம் தள்ளிப்போன மாதம் கிரெடிட் கார்டில் கட்டினேன். ஆப் தன் பங்கை அப்போதே எடுத்துக்கொண்டது. ஸ்டேட்மென்ட் வந்தால், வாடகைக்கென்று வங்கியும் தனியாக 1% போட்டிருக்கிறது, ஜிஎஸ்டியோடு. கஸ்டமர் கேரில், "2022லயே மெசேஜ் அனுப்பிட்டோம் சார்" என்றார்கள். கையில் காசில்லாத மாதத்தில்தானே மனிதன் வாடகைக்குக் கார்டை எடுக்கிறான்?

கணக்கன்:
தாம்பரம், உங்கள் விஷயம் வேறு. கார்டு என்பது கடன், அதற்கு விலை உண்டு. பெருங்குடிக்கு நடந்ததுதான் அநியாயம். 2020 ஜனவரியில் இருந்து யுபிஐக்கு எம்டிஆர், அதாவது பணம் வாங்குபவரிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாது. சேமிப்புக் கணக்கில் இருந்து ஆன்லைனில் நெஃப்ட் மூலம் வேறு கணக்குக்குப் பணம் அனுப்பவும் அப்போதிருந்தே கட்டணம் இல்லை. இலவச வழியை எல்லாம் அடைத்துவிட்டு அதற்கு வசதிக் கட்டணம் என்று பெயர் வைத்தால் எப்படி?

தாம்பரம் ஈஸ்ட்:
கடனுக்கு விலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சார். ஒரே வாடகைக்கு ரெண்டு பேர் ஏன் வாங்க வேண்டும் என்கிறேன்.

மேடவாக்கம் அக்கா:
எங்கள் ஓனர் அம்மாவுக்கு ஆப் என்றாலே ஆகாது, மாதாமாதம் நெஃப்ட்தான். பெருங்குடி தம்பி, முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எந்த வழியில் கட்ட வேண்டும் என்று அதில் என்ன எழுதியிருக்கிறது? ஓனருக்கே நேராக மெயில் போடுங்கள், மேனேஜரோடு மல்லுக்கட்ட வேண்டாம். வங்கியில் அனுப்பும்போது குறிப்பில் மாதத்தின் பெயரைப் போடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) வரிச்சலுகை கேட்பதாக இருந்தால், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது ஓனரின் பான் நம்பரும் வேண்டும், இப்போதே வாங்கி வையுங்கள். அப்புறம் தாம்பரம் தம்பி, கார்டை நம்பியிருக்காதீர்கள். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கிய பிறகு பல ஆப்களில் வாடகையைக் கார்டில் கட்டும் வசதியே நின்றுவிட்டது. ஒரு மாத வாடகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். அடுத்த ஒப்பந்தம் போடும்போது "கூடுதல் கட்டணம் இல்லாத வழியில்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், எல்லோருமே.

பெருங்குடிவாசி:
பார்த்துவிட்டேன் அக்கா. "வங்கி மூலமாக" என்றுதான் இருக்கிறது, ஆப் பற்றிப் பேச்சே இல்லை. ஓனர் கோயம்புத்தூரில் இருக்கிறார், இந்தக் கட்டணம் அவருக்குத் தெரியுமா என்றே சந்தேகம். அந்தத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அவருக்கு மெயில் போட்டிருக்கிறேன்.