மறு: 'கார்னர் ரிடையர்மென்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

குத்துச்சண்டையில் ஒரு சுற்று முடிந்து தன் மூலைக்கு வந்தவர், தானாகவோ தன் பயிற்சியாளர் சொல்லியோ அடுத்த சுற்றுக்கு எழாமல் சண்டையை அங்கேயே விட்டுவிடுவதுதான் 'கார்னர் ரிடையர்மென்ட்'. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். நேற்று இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். முகமது அலியின் சண்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தச் சொல் இல்லாமல் திண்டாடினேன், அதனால் அந்தச் சண்டைகளை வைத்தே ஒவ்வொரு பரிந்துரையையும் உரசிப் பார்க்கிறேன்.

> 'ஓய்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே, ரிடையர்மென்ட் என்றால் ஓய்வுதானே?

வேண்டாம் ஐயா. 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். அப்போது கேஷியஸ் கிளே என்ற பெயரில் இருந்த 22 வயது அலியோடு ஆறு சுற்று மோதிய சோனி லிஸ்டன், தோள் வலிக்கிறது என்று ஏழாம் சுற்றுக்கு ஸ்டூலை விட்டு எழவில்லை. இதை "லிஸ்டன் ஆறாம் சுற்றின் முடிவில் ஓய்வு பெற்றார்" என்று எழுதினால், அவர் குத்துச்சண்டையையே விட்டுவிட்டார் என்றுதான் யாரும் படிப்பார்கள். ஆனால் அடுத்த வருடம் மே மாதமே இருவரும் மறுபடி மோதினார்கள். ஓய்வு என்ற சொல் நமக்குப் பென்ஷனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, இனிப் பிரிக்க முடியாது.

> தொழில்நுட்ப நாக் அவுட் என்று செய்தித்தாள்களில் வருகிறதே, அதற்குள் இதையும் அடக்கிவிடலாம்.

இதில்தான் எனக்குக் கடுமையான மாறுபாடு. அங்கே தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது? 'டெக்னிக்கல்' என்பது இந்த இடத்தில் 'விதிப்படி' என்ற பொருளில் வருகிறது. 1970 டிசம்பரில் நியூயார்க்கில் ஆஸ்கர் பொனவேனாவை அலி 15ஆம் சுற்றில் மூன்று முறை வீழ்த்தினார். ஒரே சுற்றில் மூன்று முறை விழுந்தால் சண்டை முடிந்தது என்ற விதி அங்கே இருந்ததால், விழுந்தவர் எழுகிறாரா என்று நடுவர் பத்து வரை எண்ணாமலே முடிந்தது. 1966இல் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸ் நின்றுகொண்டிருக்கும்போதே மூன்றாம் சுற்றில் நடுவர் புகுந்து நிறுத்தினார். இரண்டிலும் கருவி எதுவும் இல்லை, விதியும் நடுவரும்தான். அதற்கு 'நடுவர் நிறுத்தம்' போதும் என்று நினைக்கிறேன் (மூன்று வீழ்ச்சி விதியையும் அதிலேயே சேர்த்துவிடலாம், 'விதி வீழ்ச்சி' என்றால் தலைவிதி என்று படித்துவிடுவார்கள்).

முழு நாக் அவுட்டுக்கு 'எழா வீழ்ச்சி' என்று தோழி ஒருவர் சொல்லியிருந்தார். மிக நன்றாக இருக்கிறது. 1974 அக்டோபர் 30, கின்ஷாசா. அதுவரை தோற்றே அறியாத ஜார்ஜ் ஃபோர்மன் கயிற்றில் சாய்ந்திருந்த அலியைக் குத்திக் குத்தியே கை ஓய்ந்து, எட்டாம் சுற்றில் சுழன்று விழுந்து, நடுவரின் எண்ணிக்கைக்குள் எழ முடியாமல் போனது எழா வீழ்ச்சியேதான். 'நாக் அவுட் சுற்று' என்று கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் எழுதுவதோடு குழம்பும் தொல்லையும் தீர்ந்தது.

சரி, மூல விஷயத்துக்கு வருகிறேன். என் பரிந்துரை 'மூலை முடிவு'.

ஏன் என்றால், 1975 அக்டோபர் 1, மணிலா. அலிக்கும் ஜோ ஃபிரேசருக்கும் மூன்றாவது மோதல். 14 சுற்று முடிந்து ஃபிரேசர் தன் மூலைக்கு வருகிறார். வலது கண் வீங்கி மூடிவிட்டது, இடது கண்ணில் ஏற்கெனவே பார்வை குறைவு, ஆகவே அலியின் வலக்கைக் குத்து வருவதே தெரியவில்லை. மிச்சம் ஒரே ஒரு சுற்று. ஃபிரேசர் போகிறேன் என்கிறார். பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் அவரை உட்கார வைத்து, முடிந்தது மகனே, இன்று நீ இங்கே செய்ததை யாரும் மறக்கமாட்டார்கள் என்கிறார். இங்கே யாரும் வீழ்த்தப்படவில்லை, நடுவரும் நிறுத்தவில்லை. ஒரு மூலையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நம் மொழியில் 'முடிவு' என்றால் தீர்மானமும்தான், இறுதியும்தான். இந்த ஒரு நிமிடத்தில் இரண்டும் ஒன்றாக நடக்கின்றன. ஆங்கிலச் சொல்லில்கூட இந்த வசதி இல்லை.

> வடசென்னையில் பயிற்சியாளரை வாத்தியார் என்பார்கள். 'வாத்தியார் நிறுத்தம்' என்றால் மண்ணின் சொல்லாக இருக்குமே?

வாத்தியார் என்ற சொல் எனக்கும் பிடிக்கும், பயிற்சியாளருக்கு அதையே கட்டுரை முழுக்க வைக்க ஆசைதான். ஆனால் 'வாத்தியார் நிறுத்தம்' என்றதும் வேலைநிறுத்தம் நினைவுக்கு வருகிறது, அப்புறம் லிஸ்டனின் சண்டையில் எழாமல் இருந்தது லிஸ்டனேதான். குத்துச்சண்டைக்காரர், வாத்தியார், மருத்துவர் என்று யார் சொன்னாலும் பொருந்தும்படி சொல் இருக்க வேண்டும். மூலை என்றால் அந்த மூவரும் அதில் அடங்குவார்கள்.

'மூலையில் ஒதுங்குதல்' என்ற தாழ்வான பொருள் வந்துவிடும் என்று ஒருவர் அஞ்சியிருந்தார். ரிங்கில் மூலைதான் அவர்களுக்கு வீடு. தண்ணீர், துண்டு, ஸ்டூல், நம்மை நேசிக்கிற ஆட்கள், எல்லாம் அங்கேதான். 1964 சண்டையில் நான்காம் சுற்றுக்குப் பின் கண் எரிந்து எதுவும் தெரியாமல் கையுறையை அவிழ்த்துவிடச் சொன்ன அலியைப் போ என்று தள்ளிவிட்டவர் அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி. 1980 அக்டோபரில் லாஸ் வேகஸில், முன்பு தனக்குப் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்ஸிடம் பத்து சுற்று அடி வாங்கிய 38 வயது அலியைப் பதினோராம் சுற்றுக்கு அனுப்ப மறுத்தவரும் அதே டண்டிதான். மூலையில் இருந்த இன்னொருவர் தொடரட்டும் என்று மன்றாடியும், மூலைக்குத் தலைவன் நான், நான் நிறுத்துகிறேன் என்றார். அலி தன் வாழ்க்கையில் முழுச் சுற்றும் முடியாமல் தோற்ற ஒரே சண்டை அது. எனக்கு 'பிடித்த' சண்டை என்று அதைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனால் பட்டியலில் விடவும் மனம் வரவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "மணிலாவில் 14ஆம் சுற்றுக்குப் பின் மூலை முடிவால் அலி வென்றார்." "ஹோம்ஸிடம் அலி மூலை முடிவில் தோற்றார்." இரண்டும் உறுத்தவில்லை. நடுவர்களின் மதிப்பெண்ணால் வருவதைப் 'புள்ளி முடிவு' என்று வைத்தால் (1971இல் ஃபிரேசர் அலியை வென்றது அப்படித்தான்) இதோடு இணையாக நிற்கும்.

'எழா வீழ்ச்சி'யைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மூலை முடிவுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று கட்டுரையை அனுப்ப வேண்டும்.